கண்ணுக்கும் கூச்சம் உண்டு

எங்கட அறையில் ஒரேயொரு ரியூப் லைற் தான் இருக்கு. நாலடி நீளம், பால் வெள்ளை. சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில். திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின்பக்க அறை அது. மூன்று கட்டில், இரண்டு மேசை, மூன்று பேர். பகல் முழுக்க நல்ல சிநேகிதிகளாய் இருக்கிற நாங்கள், பொழுதுபட்டு அந்தச் சுவிட்சைப் போட்டவுடன் இரண்டு கட்சியாய்ப் பிரிஞ்சு போவோம்.

"லைற்றை நூருகா. கண் கூசுது."

"நாளைக்கு அசைன்மென்ற் குடுக்கோணும். பத்து நிமிஷம் பொறு."

"பத்து நிமிஷம் எண்டு சொல்லி ஒரு மணித்தியாலம் ஆச்சு."

"அப்ப நான் எங்க இருந்து எழுதுறது? குசினிக்குள்ளயோ?"

முதல் வருஷம் முழுக்க இந்தச் சண்டை தான். இதில் ஆர் சரி, ஆர் பிழை என்று கேட்டால் ஒருத்தரும் பிழையில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்கு இரண்டு வருஷம் எடுத்தது.

எங்களில் ஒருத்தி மட்டக்களப்பு. லைற்றை நூரச் சொல்லுறது அவள். போன், லப்டொப், மெயில், வட்ஸ்அப் என்று அவளிட்ட இருக்கிற எல்லாமே கறுப்பு. மற்றவள் வவுனியா. அவளுக்குக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வாசிச்சால் எழுத்தெல்லாம் கரைஞ்சு ஓடுற மாதிரி இருக்கும். வெள்ளைத் திரையும் நல்ல வெளிச்சமும் வேணும். மூன்றாவது ஆள் நெடுந்தீவு. அவளும் டார்க் மோட் தான், ஆனால் காரணம் வேற. "வடிவாய் இருக்கு" என்பாள். அதுக்கு மேல ஒரு காரணமும் இல்லை. இந்த மூன்று பேரும் சேர்ந்துதான் இதை எழுதுறோம். எந்த வரியை ஆர் எழுதினது என்று இப்ப எங்களுக்கே பிடிபடுதில்லை.

*

எங்களுக்கு விளங்கின முதல் விசயம், "டார்க் மோட் பிடிக்கும்" என்ற ஒரே வசனத்துக்குள் ரெண்டு வேற வேற விசயங்கள் ஒளிஞ்சிருக்கு என்றதுதான். ஒன்று விருப்பம், மற்றது தேவை. வெளியில் இருந்து பார்க்கிற ஆளுக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். மட்டக்களப்புக்காரியின் போனும் நெடுந்தீவுக்காரியின் போனும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் எது ஆருடையது என்று எங்களுக்கே மாறும். ஆனால் ஒருத்தியின் போனை வெள்ளைக்கு மாத்தினால் "சீ, வடிவில்லை" என்று திரும்ப மாத்துவாள். மற்றவளின் போனை வெள்ளைக்கு மாத்தினால், அவளுக்கு அண்டைக்கு நாள் முடிஞ்சுது.

அவள் எங்களுக்குத் தன்ர பள்ளிக்கூடக் கதையைச் சொன்னது இரண்டாம் வருஷத்தில்தான். காலமைக் கூட்டம். வெள்ளை மணல் மைதானம். அதில் வெள்ளைச் சீருடையோடு அறுநூறு எழுநூறு பிள்ளைகள். ஏழரை மணி வெயில் நேராய் முகத்தில் அடிக்கும். தேவாரம் முடிஞ்சு அதிபர் கதைக்கத் தொடங்கிறதுக்குள் அவளுக்கு ஒரு பக்கத் தலை இடிக்கத் தொடங்கும், பிறகு சத்தி. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி: "காலமை சாப்பிடாமல் வந்தனீயோ?" சாப்பிட்டுத்தான் வந்தவள். பிறகு பிறகு ஆரும் கேட்கவும் இல்லை. "அவ கூட்டத்துக்கு நிக்கப் பஞ்சியில நடிக்கிறா" என்று முடிவு கட்டியாச்சு. அவளும் சொல்றதை விட்டுட்டாள்.

"கண் கூசுது எண்டு சொன்னால் ஆரும் வருத்தம் எண்டு எடுக்கமாட்டினம். எல்லாருக்கும் தானே கூசுது" என்றாள்.

அந்தச் சொல்லை நாங்கள் கொஞ்சம் யோசிச்சுப் பார்த்தோம். வெளிச்சம் தாங்க ஏலாமல் இருக்கிறதுக்கு வைத்தியர்கள் சொல்லுற பெயர் போட்டோபோபியா. கிரேக்கத்தில் அது ஒளிப் பயம். தமிழில் நாங்கள் பயம் என்று சொல்றதில்லை, கூச்சம் என்று சொல்லுறோம். ஐஸ்கிரீம் பட்டால் பல் கூசும். கிச்சுக் கிச்சு மூட்டினால் உடம்பு கூசும். நாலு பேருக்கு முன்னால் எழும்பிக் கதைக்கவும் கூசும். எல்லாத்துக்கும் ஒரே சொல்தான். சொல் வடிவானது, ஆனால் அதுக்குள் ஒரு பொறியும் இருக்கு. கூச்சம் என்றால் பழகினால் போயிடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறது. "பழகப் பழகச் சரிவரும்" என்று அவளுக்குச் சொல்லாத ஆளில்லை. கண்ணில் கூச்சம் இருந்தவளுக்கு, அதை வாய்விட்டுச் சொல்லவும் கூச்சம் வந்திட்டுது.

*

2022 பங்குனி கடைசியில் இந்த நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கூடக் கரண்ட் நின்றது நினைவிருக்கும். அப்ப நாங்கள் மூன்று பேரும் மூன்று ஊரில், ஏ.எல். படிச்சுக்கொண்டிருந்த நேரம். இப்ப அதைப் பற்றிக் கதைக்கேக்க நெடுந்தீவுக்காரி வெக்கையைச் சொன்னாள், வவுனியாக்காரி மெழுகுதிரி விலையைச் சொன்னாள். மட்டக்களப்புக்காரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டுச் சொன்னாள்: "எனக்கு அந்த நாளெல்லாம் தலையிடி குறைவு."

எல்லாச் சனமும் இருட்டைத் திட்டிக்கொண்டிருந்த நேரம் தான் மட்டும் உள்ளுக்குள் ஆறுதலாய் இருந்ததாம். அதை ஆரிட்டச் சொல்லுறது? வீட்டில் மீன் பழுதாய்ப் போகுது, தம்பி புழுக்கத்தில் அழுகிறான். அந்த நேரத்தில் "எனக்கு இது நல்லாய் இருக்கு" என்று எந்த வாயால் சொல்லுறது?

எங்களில் மிச்ச ரெண்டு பேரும் டார்க் மோட் போடத் தொடங்கினதும் அந்தக் காலத்தில்தான். கறுப்புத் திரை பற்றரியை மிச்சம் பிடிக்கும் என்று வட்ஸ்அப் குறூப்பில் ஒரு மெசேஜ் வந்தது. நாங்களும் பத்துப் பேருக்கு அனுப்பினோம். பிறகுதான் தெரிஞ்சது, அந்த நேரம் எங்கட கையில் இருந்த மலிவுப் போன்களுக்கு அது பொருந்தவே இல்லை என்று. அவை எல்.சி.டி. திரைகள். அந்த வகைத் திரையில் பின்னால் ஒரு விளக்கு எப்பவும் எரிஞ்சுகொண்டே இருக்கும், முன்னால் கறுப்புக் காட்டினாலும் பின் விளக்கு நிக்காது. ஒலெட் திரையில் மட்டும்தான் ஒவ்வொரு புள்ளியும் தானாய் எரியும், கறுப்பென்றால் அந்தப் புள்ளி நூந்திருக்கும். அதிலும் பெரிய மிச்சம் என்று இல்லை. 2021 இல் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்திருக்கினம். நாங்கள் சாதாரணமாய் வைக்கிற 30 தொடக்கம் 50 சதவீத வெளிச்சத்தில் டார்க் மோடுக்கு மாறினால் 3 தொடக்கம் 9 சதவீதம் வரைதான் மிச்சம். வெளிச்சத்தை முழுசாய்க் கூட்டி வைச்சால் மட்டும் அது 39 தொடக்கம் 47 சதவீதம் வரை போகும். எல்.சி.டி. போன் வைச்சிருந்த நாங்கள் மிச்சம் பிடிச்சது ஒண்டுமில்லை. இருட்டுக்குள் கறுப்புத் திரை கண்ணுக்குச் சுகமாய் இருந்தது, அவ்வளவுதான். அதுவும் சும்மா விசயமில்லை.

*

ஒருநாள் சண்டை முற்றினதில் ஒரு பந்தயம் கட்டினோம். ஒரு கிழமை மூன்று பேரும் டார்க் மோட். அடுத்த கிழமை மூன்று பேரும் வெள்ளை. ஆர் தோற்றாலும் ரோல் வாங்கிக் குடுக்கோணும்.

முதல் கிழமை மூன்றாம் நாளே வவுனியாக்காரி ரோல் வாங்கித் தந்திட்டாள். ஆங்கிலம் என்றால் ஒருமாதிரிச் சமாளிச்சாளாம், தமிழ்தான் கொன்றது. எங்கட எழுத்தில் சுழி கூட, வளைவு கூட. கறுப்பில் வெள்ளை எழுத்து அவளுக்கு மினுங்கிப் பரவுது. 'ன' வின் வயிறும் 'ண' வின் வயிறும் நிரம்பிப் போய் ரெண்டும் ஒன்றாய்த் தெரியுது. மேல இருக்கிற குற்று அடுத்த வரியின் கொம்போட ஒட்டுது. ஒரு பந்தியை மூன்று தரம் வாசிச்சாளாம்.

"உனக்கு இது எப்ப இருந்து?" என்று கேட்டோம். "எப்பவும் இப்பிடித்தானே. இரவில பஸ்ஸின்ர லைற் எல்லாம் கோடு கோடாய்த் தெரியும், எல்லாருக்கும் அப்பிடித்தான் எண்டு நினைச்சன்" என்றாள்.

எல்லாருக்கும் அப்படியில்லை. அந்தச் சனிக்கிழமை யாழ்ப்பாணம் ரவுணுக்குள் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். துண்டில் சிலிண்டர் பவர் என்று எழுதித் தந்தார்கள். அஸ்டிக்மற்றிசம். கண்ணின் முன்பக்கப் படலம் பந்து மாதிரி ஒரே வளைவாய் இல்லாமல் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாய் வளைஞ்சிருக்கும். அதனால் வெளிச்சம் ஒரு புள்ளியில் குவியாமல் சிதறும். வெள்ளைத் திரையைப் பார்க்கேக்க கண்மணி சுருங்கும், அந்தச் சின்ன ஓட்டைக்குள்ளால் வாற படம் கொஞ்சம் கூராய் வரும். கறுப்புத் திரைக்குக் கண்மணி விரியும், குறையும் சேர்ந்து பெருக்கும். கண்ணில் குறை இல்லாத ஆட்களுக்கும் இந்தச் சாய்வு இருக்கு. 2013 இல் ஜேர்மனியில் இளம் ஆட்களையும் வயசான ஆட்களையும் வைச்சு ஒரு ஆய்வு செய்திருந்தார்கள். ரெண்டு பகுதிக்குமே வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்தை வாசிக்கிறதுதான் லேசாய் இருந்தது. ஆக, "டார்க் மோட் தான் கண்ணுக்கு நல்லம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஏலாது. ஆர் கண்ணுக்கு, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு நேரம் என்று கேட்கோணும்.

ரெண்டாவது கிழமை, வெள்ளைக் கிழமை. நெடுந்தீவுக்காரி புறுபுறுத்துக்கொண்டு ஏழு நாளும் ஓட்டினாள். மட்டக்களப்புக்காரி முதல் நாள் பின்னேரமே போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திட்டாள். இரவு சாப்பாடும் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தவளின் கையைப் பிடிச்சால் சில்லென்று குளிருது. வீட்டுக்கார அன்ரி வந்து எட்டிப் பார்த்திட்டு, "விளக்கு வைக்கிற நேரத்தில செத்தவீடு மாதிரி இருட்டாக்கி வைச்சிருக்கிறியள்" என்று லைற்றைப் போட்டா. போர்வைக்குள் இருந்து வந்த சத்தம் இன்னும் எங்கட காதுக்குள் இருக்கு.

அதுக்குப் பிறகு ரோலைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை. விளையாட்டுக்குச் செய்தது. ஒரு வருஷமாய்ப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள் சொன்னதை நாங்கள் நம்பாமல் இருந்ததால்தான் அந்தப் பந்தயமே வந்தது என்று அண்டைக்கு இரவு ரெண்டு பேருக்கும் விளங்கிச்சுது.

*

அவள் ஏற்கெனவே ஒரு கண் கிளினிக்கில் காட்டினவள். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை வாசிச்சாள். 6/6. "கண்ணில ஒண்டுமில்லை" என்றார்கள். ஒண்டுமில்லை என்றால் சந்தோசப்படத்தானே வேணும்? அவள் அழுதுகொண்டு வந்தாளாம். ஒண்டுமில்லை என்றால் இவ்வளவு நாளும் நடிச்சது என்று சொன்னவை சரி என்றல்லவோ ஆகுது.

இந்த முறை நாங்கள் வேற ஒரு டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் கண்ணைக் கேட்கவில்லை, தலையிடியைக் கேட்டார். ஒரு பக்கமோ, ரெண்டு பக்கமோ? சத்தி வாறதோ? சத்தமும் பிடிக்காமல் போறதோ? அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ இருந்ததோ? அம்மம்மாவுக்கு இருந்தது. மாதத்தில் ரெண்டு நாள் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு சாமியறைக்குள் படுத்துவிடுவாவாம். வீட்டில் அதுக்குப் பெயர் "அம்மம்மாவின்ர கோவம்". டொக்டர் சொன்ன பெயர் மைக்கிரேன், ஒற்றைத் தலையிடி. அந்த நோயை அடையாளம் காணப் பார்க்கிற குறிகளிலேயே வெளிச்சம் தாங்க ஏலாமையும் ஒன்று.

பார்வைக்கும் இந்தக் கூச்சத்துக்கும் வழி வேற வேற என்பது எங்களுக்குப் புதுசு. விழித்திரையில் படம் பிடிக்கிற கோல், கூம்பு என்ற இரண்டு வகைக் கலங்கள் இருக்கு என்று ஓ.எல். விஞ்ஞானத்தில் படிச்சோம். மூன்றாவது ஒரு வகையும் இருக்கு. மெலனொப்சின் என்ற நிறப்பொருள் உள்ள நரம்புக் கலங்கள். அவை முக்கியமாய்ச் செய்யிறது எவ்வளவு வெளிச்சம் இருக்கு என்று மூளைக்குச் சொல்லுறது. கண்மணி சுருங்கிறதுக்கும், பகலோ இரவோ என்று உடம்பு அறியிறதுக்கும் அவை உதவுது. 2010 இல் பொஸ்டனில் ரமி பர்ஸ்டீன் என்ற ஆய்வாளரின் குழு, பார்வை இழந்த மைக்கிரேன்காரர்களை வைச்சு ஒன்றைக் கவனிச்சது. வெளிச்சத்தைக் கொஞ்சமும் உணர ஏலாத ஆட்களுக்கு வெளிச்சத்தால் வலி கூடவில்லை. படம் தெரியாது, ஆனால் வெளிச்சம் இருக்கு இல்லை என்று மட்டும் உணரக்கூடிய ஆட்களுக்கு வலி கூடினது. அதாவது ஒன்றையும் பார்க்க ஏலாத கண்ணுக்கும் வெளிச்சம் நோகும். 6/6 என்ற துண்டு இந்த வழியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

டொக்டர் இன்னொன்றும் சொன்னார். அவள் அறைக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரியத் தொடங்கியிருந்தாள். அதை நிப்பாட்டச் சொன்னார். வெயிலுக்குப் போடலாம், வீட்டுக்குள் எந்த நேரமும் போட்டால் கண் இருட்டுக்குப் பழகிப் பிறகு சின்ன வெளிச்சமும் கூடுதலாய்க் குத்தும். ஆக, எல்லா வெளிச்சத்தையும் மூடிறது மருந்தில்லை. எது குத்துது, எப்ப குத்துது என்று ஒரு கொப்பியில் எழுதச் சொன்னார். எழுதினதில் தெரிஞ்சது: திரையின் வெள்ளை மட்டுமில்லை, நித்திரை குறைஞ்ச நாள், மத்தியானம் சாப்பிடாத நாள், மினுங்கிற ரியூப் லைற் எல்லாம் சேர்ந்துதான் வேலையைக் காட்டுது. டார்க் மோட் அதில் ஒரு பங்கு. ஆனால் அவள் கையில் இருக்கிற பங்கு.

இதை வாசிக்கிற ஆருக்கும் ஒன்று சொல்லோணும். திடீரென்று வெளிச்சம் தாங்க ஏலாமல் வந்து, அதோட காய்ச்சலும் கழுத்து விறைப்பும் இருந்தாலோ, கண் சிவந்து நோ இருந்தாலோ செற்றிங்கை மாத்திக்கொண்டு இருக்காதேங்கோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. அதே மாதிரி, நீல வெளிச்சத்தைத் தடுக்கிற கண்ணாடி என்று சொல்லி விக்கிறதுக்கு அவசரப்பட்டுக் காசைக் குடுக்காதேங்கோ. 2023 இல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, திரை பார்த்துக் கண் களைக்கிறதை அது குறைக்கிறதாய்த் தெரியவில்லை என்றுதான் சொல்லுது. திரையைப் பார்க்கேக்க நாங்கள் கண் வெட்டுறது நல்லாய்க் குறையும், கண் காயும், எரியும். இடைக்கிடை எழும்பித் தூரத்தில் இருக்கிற வேப்பமரத்தைப் பார்க்கிறதுக்குக் காசு தேவையில்லை.

*

கதையில் எங்களுக்கு இன்னும் ஆறாத இடம் ஒன்று இருக்கு. ஒரு பாடத்துக்கு இணையத்தில் பரீட்சை. ஒரு மணித்தியாலம், நாற்பது கேள்வி. அந்தப் பக்கம் வெள்ளை. அதில் டார்க் மோட் இல்லை.

2019 இல் அண்ட்ரொய்ட் 10 உம் ஐபோனின் 13 ஆவது பதிப்பும் வந்ததில் இருந்து போன் முழுக்கக் கறுப்பாக்கலாம். 2020 பங்குனியில் வட்ஸ்அப்புக்கு வந்தது. 2024 இல் விக்கிப்பீடியாவின் இணையப் பக்கத்துக்கும் வந்தது. நீங்கள் போனில் கறுப்பைத் தெரிவு செய்தால், போகிற ஒவ்வொரு இணையப் பக்கத்துக்கும் "இவருக்குக் கறுப்பு விருப்பம்" என்று பிரவுசர் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். அதைக் கேட்கிறதும் கேட்காமல் விடுறதும் அந்தப் பக்கத்தைச் செய்த ஆட்களின் கையில். இந்தப் பக்கம் கேட்கவில்லை.

அவள் லப்டொப்பில் நிறங்களைத் தலைகீழாக்கிற வசதியைப் போட்டாள். அது வெள்ளையைக் கறுப்பாக்கும், கறுப்பை வெள்ளையாக்கும். எழுத்துக்குச் சரி. இருபத்திரண்டாவது கேள்வியில் ஒரு வரைபு வந்தது. "சிவப்புக் கோடு எதைக் குறிக்கிறது?" அவளின் திரையில் சிவப்புக் கோடே இல்லை. சிவப்பைத் தலைகீழாக்கினால் நீலப்பச்சை வரும், நீலப்பச்சையைத் தலைகீழாக்கினால் சிவப்பு வரும். அவசரத்தில் அது மூளைக்கு எட்டவில்லை. அந்த வரைபில் தொடர்ந்து நாலு கேள்வி. தலைகீழை எடுத்து வெள்ளையாய்ப் பார்த்தாள், திரும்பக் கறுப்பாக்கினாள், திரும்ப வெள்ளை. மிச்சக் கேள்விக்கு நேரம் இல்லை. முடிச்சுப்போட்டு வந்து சத்தி எடுத்தாள்.

படிக்காமல் தவறினால் அது வேற. விடை தெரிஞ்சிருந்தும் கேள்வியைப் பார்க்க ஏலாமல் தவறினது.

"போய்ச் சொல்லு" என்றோம். "கூச்சமாய் இருக்கு" என்றாள். பிறகு மூன்று பேருமாய் ஒரு கடிதம் எழுதினோம். "எனக்கு" என்று தொடங்கின வசனங்களை எல்லாம் "எங்களுக்கு" என்று மாத்தினது அந்த மேசையில்தான். மூன்று பேருமாய்ப் போய்க் குடுத்தோம். "எல்லாருக்கும் ஒரே பேப்பர் தானே குடுக்கிறம், ஒரு ஆளுக்கெண்டு மாத்த ஏலுமோ?" என்ற பதில்தான் முதலில் வந்தது. வவுனியாக்காரி தன்ர புதுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைச்சாள். "சேர், இதையும் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் குடுத்தால் எப்பிடி இருக்கும்?" கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

மார்க்ஸ் மாறவில்லை. அடுத்த பரீட்சைக்கு அவளுக்குச் சாம்பல் பின்னணியில் கேள்விகள் வந்தது. வரைபில் கோடுகளுக்கு நிறத்தோடு சேர்த்து அ, ஆ, இ என்று பெயரும் போட்டிருந்தது. அது நிறம் பிரிச்சு அறிய ஏலாத இன்னொரு பெடியனுக்கும் உதவினதாம். அவனை எங்களுக்குத் தெரியாது. அவனும் ஆரிட்டயும் சொல்லாமல்தான் இருந்திருக்கிறான்.

*

நெடுந்தீவுக்காரியின் அம்மா ஒருமுறை வந்து எங்களோட தங்கினா. எங்கட கதையெல்லாம் கேட்டுச் சிரிச்சா. "நாங்கள் தொண்ணூறுகளில கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில படிச்சனாங்கள். மண்ணெண்ணெய் முடிஞ்சிடும் எண்டு திரியைக் குறைச்சுக் குறைச்சு. உங்களுக்கு வெளிச்சம் கூடிப் போச்சு எண்டு கவலை." அதில் கோபம் இல்லை. ஆனால் எங்களுக்குச் சுருக்கென்று தைச்சது. வெளிச்சத்துக்காக ஏங்கின ஆட்களின் பிள்ளைகள் நாங்கள். அவைக்கு முன்னால் இருட்டைக் கேட்கிறதே ஒரு நன்றி கெட்ட வேலை மாதிரி இருந்தது.

பிறகு அவவே சொன்னா: "ஆனா அந்த விளக்கையும் நாங்கள் அவரவர் கிட்டத்தான் வைச்சிருந்தனாங்கள். ஆருக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

நாங்கள் அறையை மாத்தினது அதுக்குப் பிறகுதான். மூன்று பேரும் காசு போட்டு ரெண்டு மேசை விளக்கு வாங்கினோம். வவுனியாக்காரியின் மேசையை அலுமாரிக்குப் பின்னால் தள்ளினோம், அவளின் விளக்கு பளிச்சென்று வெள்ளை. அலுமாரியில் இருந்து ஜன்னல் வரைக்கும் அம்மா விட்டிட்டுப் போன பழைய சீலை ஒன்று திரையாய்த் தொங்குது. இந்தப் பக்கம் மட்டக்களப்புக்காரிக்கு மஞ்சள் வெளிச்சம், சுவரைப் பார்த்தபடி. அவளின் திரையும் இப்ப கறுத்தக் கறுப்பு இல்லை, கடும் சாம்பல். எழுத்தும் பளீர் வெள்ளை இல்லை, கொஞ்சம் மங்கல். கறுப்பில் பளீர் வெள்ளையும் இருட்டில் மெழுகுதிரி மாதிரிக் குத்தும் என்று கொப்பியில் எழுதி எழுதித்தான் கண்டுபிடிச்சாள்.

சண்டை முற்றாய் நிக்கவில்லை. போன கிழமையும் ஒன்று நடந்தது. வீட்டுக்கார அன்ரி இன்னும் "செத்தவீடு" என்றுதான் சொல்லுறா. ஆனால் இப்ப உள்ளே வரேக்க சுவிட்சில் கையை வைச்சுக்கொண்டு, "போடட்டோ பிள்ளையள்?" என்று கேட்கிறா.

சில நாள் "போடுங்கோ அன்ரி" என்று போர்வைக்குள் இருந்து அவளே சொல்லுவாள்.